இழை எடுக்கும் நாள் வரை

மார்கழி 1
காலையில் பேத்தி வள்ளிக்கு மறுபடியும் வயிற்றுவலி. சனி, ஞாயிறில் எட்டிப் பார்க்காத வலி.

மார்கழி 2
காரைக்குடிக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஒன்றுமில்லை என்றார். "பரீட்சை நடக்கிறதா?" என்று அவர் கேட்டதும் என் முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. "அஞ்சாம் வகுப்புதானே டாக்டர், அரையாண்டுக்கெல்லாம் என்ன பயம்?" என்று மருமகள் சிரித்தாள். அவள்தான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் மதிப்பெண்ணைக் கேட்பவள்.

மார்கழி 4
கல்யாணச் சாமான் நிறுத்த பழைய இரும்புத் தராசை இரண்டாம் கட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லி, வள்ளியின் பையை நிறுத்தேன். 5 கிலோ 600 கிராம். அவளோ 26 கிலோ. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. இங்கே அது இரண்டு மடங்குக்கும் மேல். எழுத்தாளர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையில் தம் கன்னிப் பேச்சில் இந்தப் பையைப் பற்றித்தான் பேசினார். 1993இல் பிள்ளைகளின் படிப்புச் சுமையைக் குறைக்கச் சொல்லி யஷ்பால் குழு அறிக்கை கொடுத்தபோது நான் பணியில் இருந்தேன். ஆசிரியர் அறையில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, மறுநாளே ஆறு பக்க வீட்டுப்பாடம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

பையின் பக்கவாட்டு அறையில், பாண்டி ஆடுவதற்காக உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல்லின் சில்லு ஒன்று, ஓரம் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டு நிறுக்க மனம் வரவில்லை.

மார்கழி 5
வலி. அரை இட்லி.

மார்கழி 6
சிங்கப்பூரிலிருந்து மகன் பேசினான். ஆறாம் வகுப்பிலிருந்தே நீட்டுக்கு அடித்தளப் பயிற்சியாம்; முன்பணம் கட்டியாகிவிட்டதாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறதே என்றேன். "இது மையமில்லை ஆத்தா, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடக்கிற வகுப்பு" என்றான். பெயரை மாற்றிவிட்டால் பத்து வயது பதினாறாகிவிடுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "இப்போ கொஞ்சம் கஷ்டப்பட்டா ஆயுசுக்கும் சுகம்" என்றான். வாயடைத்துப் போனேன். அது என் வாக்கியம். 1996இல், அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பந்தைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டு, இதே முகப்பில் நின்று நான் சொன்னது. எழுத்து பிசகாமல் திருப்பிச் சொல்கிறான்.

அந்தப் பந்தை நான் இறக்கிக் கொடுத்தேனா? இரவு முழுவதும் யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மார்கழி 8
பரீட்சை முடிந்தது. வலி இல்லை. வளவில், வீட்டின் நடு முற்றத்தில், சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுவிட்டு, கூட ஆட ஆளில்லாமல் வள்ளி நின்றாள். நான் சிறுமியாக இருந்தபோது இந்த வளவில் ஒரே சமயத்தில் பதினான்கு பிள்ளைகள் ஆடினோம். இன்று சுற்றியுள்ள அறைகளிலெல்லாம் பூட்டு. முழங்கால் வலியோடு இரண்டு கட்டம் தாண்டினேன். "அப்பத்தா, கோட்டை மிதிச்சிட்டீங்க" என்று வெளியேற்றிவிட்டாள். கொஞ்சமும் இரக்கமில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

மார்கழி 10
பிள்ளையார் நோன்பு; எங்கள் நகரத்தார் வீடுகளில் இழை எடுக்கும் நாள். கோடி வேட்டியின் நூல் இருபத்தொன்றைத் திரித்து, இழைமாவு என்கிற இனிப்பு மாவில் பதித்துக் கொளுத்தினோம். வீட்டில் மூத்தவள் நானாகையால் என் கையால்தான் கொடுத்தேன். எரிகிற சுடரோடு வாயில் போட வேண்டும். போன வருஷம் அழுத பிள்ளை, இந்த முறை கண்ணைக்கூட மூடாமல் விழுங்கிவிட்டு, "இன்னொன்னு உண்டா?" என்றாள். இவளுக்குப் பயம் என்று யார் சொன்னது?

மார்கழி 13
என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அந்த நீட் வகுப்பின் சேர்க்கைப் படிவத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள் மருமகள். பெயர், பிறந்த தேதி எழுதினேன். 'மாணவரின் இலக்கு' என்றொரு கட்டம், அதற்கு நான்கு வரி இடம். பேனாவை மூடி வைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். திரும்பி வந்தபோது வள்ளி அதைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி 14
இன்று பள்ளி விடுமுறை. ஆனாலும் விடியற்காலை ஐந்தரைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் பாயருகே உட்கார்ந்தாள்.