பத்துப் பேர் இயந்திரத்துக்கு ஒரே கூரை: மைனிங் கூடம் திட்டமிட்ட அனுபவம்

2022 கடைசியில் பிட்காயின் 16,000 அமெரிக்க டாலருக்குக் கீழே போனபோது, பிட்காயின் மைனிங் செய்யும், அதாவது ஓயாமல் கணக்குப் போட்டுப் புதுக் காயின் சம்பாதிக்கும் பழைய ஆன்ட்மைனர் இயந்திரங்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. எங்கள் நண்பர் வட்டத்தில் பலர் ஆளுக்கு ஒன்றிரண்டு வாங்கிப் போட்டார்கள். வாங்கியதெல்லாம் சரி, ஓட்டுவது எங்கே? எஸ்19 ப்ரோ என்ற மாடல் 3,250 வாட் இழுக்கும். நம் 230 வோல்ட்டில் அது 14 ஆம்பியர். சிங்கப்பூரில் கழக (எச்டிபி) அடுக்குமாடி வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கோ 13 ஆம்பியர். சத்தம் 75 டெசிபல். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்கமாட்டார்.

எல்லாருடைய இயந்திரத்தையும் ஓர் இடத்தில் வைத்து, மின்சாரமும் இணையமும் காற்றும் கொடுத்து, மாதக் கட்டணம் வாங்கினால் என்ன என்ற யோசனை அப்படித்தான் வந்தது. உலகம் முழுக்க நடக்கிற தொழில்தான், ஹோஸ்டிங் என்பார்கள். நான் அலுவலகக் கட்டடங்களில் சில்லர், குளிர்சாதன வேலை பார்ப்பவன். கூட்டாளி டேட்டா சென்டரில் இருப்பவன். இரண்டு பேரும் சேர்ந்து 2025 தொடக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தோம். அது எங்கே போய் முடிந்தது என்று நிறையப் பேர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஓர் எளிய விஷயம். டேட்டா சென்டர் ஆளோடு மைனிங் கூடம் திட்டமிட்டால் செலவு இரண்டு மடங்காகும். கூட்டாளி முதலில் வரைந்த படத்தில் யூபிஎஸ், ஜெனரேட்டர், இரட்டை மின்வழி எல்லாம் இருந்தது. மைனிங்குக்கு இதெல்லாம் தேவையே இல்லை. கரண்ட் போனால் அந்த நேரத்து வருமானம் போகும், அவ்வளவுதான். வங்கிக் கணக்கு எதுவும் அழியப்போவதில்லை. கரண்ட் வந்ததும் இயந்திரம் தானாக ஏறி வேலையைத் தொடரும். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மின்பலகை, கேபிள், விசிறி, நெட்வொர்க் சுவிட்ச் என்று சுருக்கினோம்.

அடுத்து மின்சாரம். இங்கே வீடு அல்லாத இடத்தில் 45 கேவிஏவுக்கு (ஏறத்தாழ 45 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம்) மேல் அனுமதிக்கப்பட்ட லோடு இருந்தால், எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் மின் நிறுவல் உரிமம் எடுத்து, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அந்த உரிமத்திலும் படிகள் உண்டு. கீழ்ப்படியில் இருப்பவருக்கு 45 கேவிஏதான் எல்லை. 150 கேவிஏவைத் தாண்டிய வடிவமைப்புக்கு மின்பொறியாளர் படியில் உள்ளவர் வேண்டும்.

இந்த எண்கள்தான் திட்டத்தின் உருவத்தையே முடிவு செய்தன. பன்னிரண்டு இயந்திரம் வைத்தால் 39 கிலோவாட், எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் பன்னிரண்டு இயந்திரத்துக் கட்டணத்தில் தொழிற்பேட்டை வாடகைகூடக் கட்ட முடியாது. வாடகை, இன்டர்நெட், ஒரு ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அறுபது இயந்திரமாவது வேண்டும் என்று தெரிந்தது. அறுபது என்றால் 195 கிலோவாட். நாங்கள் பார்த்த அடுக்குமாடித் தொழிற்கூடங்களில் ஒரு யூனிட்டுக்கு மூன்று ஃபேஸ் 60 ஆம்பியர் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்பட்டது. அதாவது 41 கேவிஏ சொச்சம், அறுபது இயந்திரத்துக்குப் போதவே போதாது.

எங்களுக்கு ஆலோசனை சொன்னவர் அறுபது வயது தாண்டிய மின்பொறியாளர். படத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, தொழிற்சாலைன்னா எல்லா மெஷினும் ஒரே நேரத்துல ஓடாது, அத நம்பித்தான் கேபிள் போடுறாங்க. உங்களுது இருபத்துநாலு மணி நேரமும் ஃபுல் லோடு. பிரேக்கர்ல எழுதியிருக்கிற நம்பர நம்பாதீங்க” என்றார். கேபிளையும் பிரேக்கரையும் அவற்றின் அளவில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டோம். இதனால் செம்புச் செலவு ஏறியது. ஆனால் உருகிய பிளக்கிலும் சூடான இணைப்பிலும் தீப்பிடிக்கலாம். இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

இனி என் துறை, வெப்பம். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பவர்கள் பாதிப் பேர் “ஏர்கான் போட்டுக்கலாமே” என்கிறார்கள். மைனிங் இயந்திரம் வாங்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 195 கிலோவாட் வெப்பத்தை ஏர்கானால் இறக்க 55 டன் குளிரூட்டும் திறன் வேண்டும். அதற்கே இன்னும் ஐம்பது கிலோவாட் அளவில் மின்சாரம் போகும். மின்கட்டணத்துக்கு மேல் இன்னொரு கால்வாசியைக் குளிரூட்டவே கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஏர்கான் இல்லாமல் வெளிக்காற்றை மட்டும் ஓட்டலாம். உள்ளே 32 டிகிரியில் வரும் காற்று 42 டிகிரியில் வெளியேறலாம் என்று வைத்துக்கொண்டால், அறுபது இயந்திரத்துக்கு விநாடிக்குப் பதினாறு கனமீட்டருக்கு மேல் காற்று ஓட வேண்டும். ஒரு சாதாரணப் படுக்கையறைக் காற்று முழுவதும் இரண்டே விநாடியில் மாறுவது மாதிரி. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருக்கும் யூனிட்டில் இது நடக்கவே நடக்காது. வெளியே தள்ளிய சூடான காற்று அதே சுவர் வழியாகத் திரும்ப உள்ளே வரும். இயந்திரம் தாங்கும் உள்வரும் காற்றின் அளவு 40 டிகிரி. மதிய வெயிலில் கொஞ்சம் சுற்றி வந்தாலே அதைத் தாண்டிவிடும்.

வறண்ட நாடுகளில் ஈரத்திரை வைத்து அதன் வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விப்பார்கள். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது, சராசரி ஈரப்பதமே எண்பது சதவீதத்துக்கு மேல். ஈரத்திரையால் மதியத்தில் சில டிகிரி குறையலாம், அதற்கு விலையாகச் சர்க்யூட் பலகையில் ஈரம் படியும். எண்ணெய்த் தொட்டியில் மூழ்கவைக்கும் முறை எனக்குப் பிடித்திருந்தது. சத்தம் போய்விடும், தூசி இல்லை. ஆனால் தொட்டி விலை, எண்ணெய் விலை, அவ்வளவு எண்ணெயைக் கட்டடத்துக்குள் வைப்பது பற்றித் தீயணைப்புத் தரப்பில் வரக்கூடிய கேள்விகள் எல்லாம் சேர்ந்து அடுத்தவர் இயந்திரத்துக்கு அது ஒத்துவராது என்று விட்டுவிட்டோம். வாடிக்கையாளர் நாளைக்கு இயந்திரத்தை எடுத்துப் போய் விற்க நினைத்தால், எண்ணெய் வழியும் பெட்டியை யார் வாங்குவார்?

தரைத்தளம், இரண்டு பக்கமும் திறப்பு, சுற்றிலும் சத்தம் பொறுக்கும் தொழிற்சாலைகள் என்று பார்த்தால் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம்தான் போக வேண்டும். போய்ப் பார்த்தோம். இடம் இருந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான கணக்கு வந்தது.

சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2025இல் வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு முப்பது காசை (சிங்கப்பூர் சென்ட்) ஒட்டி நின்றதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வணிகப் பயனாளர் சில்லறை நிறுவனத்தோடு பேரம் பேசலாம். எல்லாம் சேர்த்து 25 காசு என்று நாங்கள் கணக்கில் வைத்தோம். கரிம வரி வேறு. 2024இல் டன்னுக்கு 25 வெள்ளியானது (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்), 2026இல் 45 வெள்ளி. யூனிட்டுக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு காசிலிருந்து இரண்டு காசு வரை. 2021 அக்டோபரில் எரிவாயு விலை ஏறியபோது சில சில்லறை மின் நிறுவனங்கள் சந்தையை விட்டே போனதையும் மறக்கக்கூடாது. நிலையான விலை என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் காற்றில் போகலாம்.

இப்போது வரவு. மைனிங் பரிசு பாதியாகக் குறைந்த 2024 ஏப்ரல் ஹால்விங்குக்குப் பிறகு ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 450. உலகம் முழுவதும் உள்ள இயந்திரங்கள் விநாடிக்குக் கணக்குப் போடும் வேகம் 800 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் என்பது பத்து லட்சம் டெராஹாஷ்) என்று வைத்தோம், பிட்காயின் விலை ஒரு லட்சம் அமெரிக்க டாலர். எஸ்21 என்ற புது மாடல் 200 டெராஹாஷ், 3,500 வாட். அது ஒரு நாளைக்குச் சம்பாதிப்பது பதினான்கரை வெள்ளி. குடிப்பது 84 யூனிட், அதாவது 21 வெள்ளி. பழைய எஸ்19 ப்ரோ எட்டு வெள்ளி சம்பாதித்து, பத்தொன்பதரை வெள்ளிக்கு மின்சாரம் குடிக்கும்.

வாடகை போடுவதற்கு முன்பே இந்த நிலைமை. கூட்டாளி கால்குலேட்டரை என் பக்கம் தள்ளி, “மச்சான், நீயே ஒரு தடவை போடு” என்றான். போட்டேன். அதே விடைதான். சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பிட்டியர் என்ற மைனிங் நிறுவனம் தன் கூடங்களை டெக்சஸிலும் நார்வேயிலும் பூட்டானிலும் ஏன் வைத்திருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

துவாஸை விட்டோம். ஆனால் கம்பெனியை இங்கேயே வைத்துக்கொண்டு, கூடத்தைப் பக்கத்திலேயே மலேசியாவின் ஜோகூரில் போடலாம் என்று பேச்சு திரும்பியது. பாலம் தாண்டினால் மின்விலை நம் விலையில் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் அங்கே வேறு பயம். மலேசியாவில் மீட்டரைத் தாண்டித் திருட்டுக் கரண்டில் மைனிங் செய்வது பெரிய பிரச்சினை. 2021இல் சரவாக்கின் மிரி நகரில் 1,069 இயந்திரங்களைச் சாலை உருளையால் நசுக்கியது செய்தியில் வந்தது. அதில் அடுத்தவர் இயந்திரம் மாட்டிக்கொண்டால் என்ன பதில் சொல்வது? அதனால் இடம் பார்க்கப் போனபோதெல்லாம் முதல் கேள்வியே மின் கட்டண ரசீது யார் பெயரில் என்பதுதான். பழைய ரசீதுகளையும் மீட்டரையும் காட்டத் தயங்கிய இடங்களில் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பினோம். ஒரு பழைய பிளாஸ்டிக் தொழிற்சாலை கிடைத்தது. உயர்ந்த கூரை, இரண்டு பக்கமும் திறப்பு, பாதி லோடு சும்மா கிடக்கும் சொந்த டிரான்ஸ்ஃபார்மர். உரிமையாளர் எல்லா ரசீதையும் கோப்போடு மேசையில் வைத்தார்.

சட்டப் பக்கம் இங்கேயே வழக்கறிஞரிடம் போனோம். அவர் கேட்ட கேள்விகள் எங்கள் திட்டத்தைப் பாதி மாற்றின. எல்லாருடைய இயந்திரத்தையும் ஒன்றாக ஓட்டி, வரும் காயினைப் பங்கு பிரித்துக் கொடுப்பதாக முதலில் நினைத்திருந்தோம். அது கூட்டு முதலீட்டுத் திட்டம் என்ற வகைக்குள் போய்விடக்கூடும் என்றார். காயினை நாங்கள் வாங்கி வைத்துக் கொடுத்தால் கட்டணச் சேவைச் சட்டம் வரும். 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தத்தில் பாதுகாப்பாக வைத்துக்கொடுக்கும் சேவையும் அதற்குள் வந்துவிட்டது. சிங்கப்பூர் நாணய ஆணையத்திடம் உரிமம் எடுக்கும் அளவுக்கு நாங்கள் ஆளில்லை.

எனவே காயினைத் தொடுவதே இல்லை என்று வைத்தோம். இயந்திரம் வாடிக்கையாளருடையது, வரிசை எண் ஒப்பந்தத்தில் இருக்கும். பலருடைய இயந்திர வேகத்தை ஒன்றாகச் சேர்க்கும் மைனிங் பூலில் கணக்கு அவர் பெயரில், காயின் நேராக அவர் வாலட்டுக்கு. நாங்கள் வாங்குவது இடம், மின்சாரம், பராமரிப்புக்கான வெள்ளி மட்டும். வரிசை எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் கம்ப்யூட் நார்த் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் 2022 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக்குப் போனது. எங்கள் கம்பெனிக்கு அந்தக் கதி வந்தால் வாடிக்கையாளர் தன் இயந்திரத்தைக் காட்டி எடுத்துப்போக முடிய வேண்டும்.

மின்விலை ஏறினால் யார் தாங்குவது என்பதையும் வெளிப்படையாக எழுதினோம். கோர் சயன்டிஃபிக் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் அதன் வாடிக்கையாளரான செல்சியஸ் நிறுவனத்துக்கும் 2022இல் வந்த தகராறே ஏறிய மின்செலவை யார் கட்டுவது என்பதுதான். எங்கள் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி மீட்டர், ரசீதில் உள்ள விலை அப்படியே அவருக்கு, எங்கள் சேவைக் கட்டணம் தனி வரியில். விலை ஏறினாலும் இறங்கினாலும் எங்களுக்கு லாபமில்லை. இரண்டு மாத மின்செலவு முன்பணம். 95 சதவீத நேரம் ஓடும் என்று உறுதி, அதற்கு மேல் வாய்விடவில்லை.

எஸ்19 வைத்திருந்த நண்பர்களுக்குத்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. டெராஹாஷுக்கு இருபது ஜூலுக்கு மேல் குடிக்கும் இயந்திரத்தை எடுப்பதில்லை என்று வைத்தோம். எஸ்21 பதினேழரை, எஸ்19 ப்ரோ இருபத்தொன்பதரை. அதாவது இந்த யோசனைக்குக் காரணமானவர்களே வெளியே. “நம்ம ஆளுங்களுக்கே இல்லையா?” என்று ஒருவர் தேக்காவில் வைத்துக் கேட்டார். ஜோகூர் விலையிலும் அவர் மாதாமாதம் கைக்காசு போடுவார், அதில் நாங்கள் கட்டணமும் வாங்குவோம். அது எப்படி நியாயமாகும் அண்ணே என்றேன். அவர் இயந்திரத்தை விற்றுவிட்டார், இன்னும் பேசுகிறார்.

ஒப்பந்தத்தில் அதிகம் இழுத்தது ஒரே ஒரு பிரிவு. வருமானம் மின்செலவுக்குக் கீழே போனால் யார் நிறுத்துவது? சிலர் நஷ்டத்திலும் ஓட்டச் சொல்வார்கள், விலை ஏறும் என்று நம்பி. சிலர் உடனே நிறுத்தச் சொல்வார்கள். சேரும்போதே ஒவ்வொருவரும் தன் எல்லையை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று முடித்தோம். அந்த எல்லை வந்தால் நாங்கள் கேட்காமல் நிறுத்துவோம், நிறுத்தியிருக்கும் நாட்களுக்கு இடவாடகை மட்டும். எல்லை கொடுக்காதவர் முன்பணம் தீரும்வரை ஓடுவார். எஸ்21 வைத்திருப்பவர்களுக்கே எங்கள் கணக்கில் மெல்லிய லாபம்தான் நின்றது, உலக வேகம் ஏற ஏற அதுவும் குறையும், ஆகவே இந்தப் பிரிவு சும்மா கிடக்கப்போவதில்லை. முதல் தொகுதியில் சேர்ந்தவர்களில் ஒருவர் தவிர எல்லாரும் எல்லை கொடுத்துவிட்டார்கள். மின்பலகை ஜோகூரில் மாட்டியாகிவிட்டது, விசிறிச் சுவர் பாதி முடிந்திருக்கிறது.