டம்மி மூடி இருந்த இடத்துல ஒரிஜினல் ஸ்விட்ச்

நம்ம வண்டி பேஸ் மாடல், ஸ்டீயரிங்குக்கு வலதுபக்கம் ஸ்விட்ச் இல்லாத இடத்த அடைக்கிற ரெண்டு டம்மி மூடி சும்மா கிடக்கும். ஃபாக் லேம்ப் மாட்டணும்னதும் டேஷ்போர்டுல ஓட்டை போட்டு ஸ்விட்ச் வச்சுரலாம்னாங்க, எனக்கு மனசே வரல. அதே வண்டியோட டாப் மாடல் ஸ்விட்ச் காயலான் கடையில கிடைச்சுது, டம்மிய கழட்டிட்டு வச்சா டக்குனு உக்காந்துருச்சு, ராத்திரி மத்த பட்டனோட சேந்து அதுவும் எரியுறது அவ்ளோ அழகா இருக்கு.

வாங்குறவங்க முதல்ல மல்டிமீட்டர் வச்சு பாத்துருங்க, அமுக்குனா அப்படியே நிக்குதா இல்ல விட்டதும் திரும்பிடுதான்னு, திரும்புற டைப்னா சாதா ரிலே (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன், ஆஃப் பண்ற மின் ஸ்விட்ச்) ஆன்ல நிக்காது, ஒருவாட்டி அமுக்குனா அப்படியே ஆன்ல நிக்கிற லாட்சிங் ரிலே வேணும். விளக்கு கரண்ட்ட நேரா ஸ்விட்ச் வழியா விடவே விடாதீங்க. 55 வாட் பல்பு ரெண்டுன்னா 110 வாட், 12 வோல்ட்ல 9 ஆம்பியர் தாண்டும், அந்த குட்டி காண்டாக்ட் தாங்காது உருகிரும். ஸ்விட்ச் ரிலேவ இயக்குற 85, 86 நம்பர் பின்ன மட்டும் பாத்துக்கட்டும், பேட்டரில இருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியா 30ம் பின்னுக்கு, 87ம் பின்ல இருந்து விளக்குக்கு. ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும், வயர் எங்கயாச்சும் உரசி பாடில பட்டா தீயே பிடிக்கும்ங்க.

ஸ்விட்சுக்கு சப்ளை இக்னிஷன்ல இருந்து எடுத்தேன், சாவிய எடுத்தா விளக்கும் அணைஞ்சுரும். அடுத்து ரெண்டாவது டம்மி, ரிவர்ஸ் கேமராவுக்கு.