ராணுவக் கல்லூரியில் உரை கேட்கப் போன ரப்பர் யூனிட்காரன்

மதுரைக்குப் பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு ரப்பர் மோல்டிங் யூனிட் இருக்கிறது. ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், கேஸ்கெட், பம்புக்கான வாஷர், கிணற்று மோட்டாருக்கு வேண்டிய சில்லறை உருப்படிகள். புனேயில் ராணுவ அதிகாரிகள் மேல்படிப்புப் படிக்கும் ஒரு நிறுவனத்தில் கசிவை அடைக்கும் ரப்பர் சீல்களைப் பற்றி ஓர் உரை நடந்தது. அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து, "அங்கெல்லாம் நம்மள உள்ள விடுவாங்களாண்ணே?" என்று கேட்காத ஆள் பேட்டையில் இல்லை. விடுகிறார்கள். எப்படி என்பதை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

எந்த நிறுவனம், பேசியவர் யார் என்பதை மட்டும் போடவில்லை. போடாதே என்று யாரும் சொல்லவில்லைதான். ஆனால் பாதுகாப்புத் துறையோடு தொழில் செய்ய ஆசைப்படுகிறவனுக்கு வாய் கொஞ்சம் அடங்கியிருப்பது நல்லது.

இந்த வகைக் கல்லூரிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். புனேயில் மட்டுமே கிரிநகரில் டயட் என்கிற பாதுகாப்புத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, முப்படை அதிகாரிகளுக்குத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் மிலிட் இருக்கிறது. டயட் 1952இல் ஆயுதவியல் படிப்புக்காகத் தொடங்கியது, 2000இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கேட் தேர்வு எழுதிய நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே எம்.டெக். சேரலாம். அவ்வளவு தூரம் எதற்கு, நீலகிரி வெலிங்டனில் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. அங்கே படிக்கும் அதிகாரிகளுக்கு எம்.எஸ்சி. பட்டம் தருவது நம் சென்னைப் பல்கலைக்கழகம்தான்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் ஒரு வயிற்றெரிச்சல். 2019 ஜனவரியில் திருச்சியில் வைத்து, ராணுவத் தளவாடத் தொழில்களை வளர்க்கும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கினார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து ஊர்கள். மதுரை இல்லை. ரப்பருக்குப் பேர்போன ஊர், சீலும் பெல்ட்டும் இங்கே எத்தனை காலமாக ஓடுகின்றன! சரி, வழித்தடம் நம் ஊருக்கு வராவிட்டால் நாம் போய்ப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன். முதலில் கண்காட்சிகளுக்குத்தான் போனேன். அங்கே ஸ்டாலில் நிற்கிறவர்கள் விற்க வந்தவர்கள், வாங்குகிறவர்கள் வேகமாக நடந்து போய்விடுகிறார்கள். பை நிறைய பிரவுச்சர் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. உரை என்றால் கதை வேறு. பொருளை உபயோகிக்கிறவர் அங்கே உட்கார்ந்திருப்பார், எது உடைகிறது என்று வாயைத் திறந்து சொல்வார்.

இந்த நிறுவனங்கள் வரப்போகும் உரைகள், குறும்படிப்புகள், கருத்தரங்குகள் ஆகியவற்றைத் தங்கள் இணையதளத்தில் அறிவிப்புப் பகுதியில் போட்டுவைக்கின்றன. தலைப்பைப் பார்த்து மயங்காமல், யாருக்கு என்ற வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பணியில் இருக்கும் அதிகாரிகளுக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் விஞ்ஞானிகளுக்கும் மட்டும் என்றிருந்தால் விட்டுவிடுங்கள், கெஞ்சியும் பயனில்லை. மாணவர், ஆசிரியர் என்றிருந்தால் தெரிந்த பொறியியல் கல்லூரிப் பேராசிரியரிடம் சொல்லிவைக்கலாம். தொழில்துறையினர் என்ற ஒரு வார்த்தை எங்காவது இருந்தால் அது நமக்கானது. எனக்கு வாய்த்தது அப்படி ஒன்று.

படிவம் சாதாரணமானதுதான். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எண், ஜி.எஸ்.டி. எண், ஆதார், எதற்காக வருகிறீர்கள் என்று நாலு வரி, லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அந்த நாலு வரியில் "பாதுகாப்புத் துறையில் வாய்ப்புத் தேடி" என்றெல்லாம் எழுதவில்லை. என்ன செய்கிறேன், என்ன பாலிமர், ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் என் பிரஸ் எந்த அளவு வரை தாங்கும், உரையின் தலைப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் எழுதினேன்.

சிக்கல் வந்தது பெயரில். குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது படிவம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆதாரில் இனிஷியல் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உத்யம் சான்றிதழில் முன்னால் நிற்கிறது, பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தானா என்று கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. பான் அட்டையில் உள்ளபடி அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பவரும் நானே என்று லெட்டர்ஹெட்டில் ஒரு உறுதிமொழி வைத்து அனுப்பினேன், சரியாகிவிட்டது. போகிறவர்கள் இதை முதலிலேயே வைத்துவிடுங்கள்.

பயணம் பெரிய விஷயமில்லை. நாகர்கோவிலில் இருந்து மதுரை வழியாக மும்பை போகும் ரயில் புனேயில் நிற்கும். முந்தின நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது, காலையில் வாசலில் நேரம் பிடிக்கிறது.

வாசலில் பட்டியலை வைத்துக்கொண்டு என் பெயரைத் தேடினார் ஒரு ஹவில்தார். இல்லை என்றார். மறுபடி தேடினார், இல்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது.

"மதுரையாண்ணே?"

"ஆமாங்க, கப்பலூர்."

"நமக்கு எழுமலைண்ணே. அப்பா பேரு என்ன?"

சொன்னேன். விரலைப் பட்டியலில் மேலே கொண்டுபோனார், அங்கே இருந்தேன். குடும்பப் பெயர் வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். "நம்மாளுக எல்லாரும் இங்க அப்பா பேருலதான்ணே உள்ள போகணும்" என்று சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். போன், ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தந்தார்கள். மாதிரி காட்டலாம் என்று நான் கொண்டுபோயிருந்த ஓ-ரிங் பையும் வாசலோடு நின்றுவிட்டது. நோட்டும் பேனாவும் மட்டும் கூட வந்தன.

உரை ஆங்கிலத்தில். பேசியவர் ஓய்வுபெற்ற விஞ்ஞானி, கவச வாகனங்களின் சீல்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர். எடுத்த எடுப்பில் 1986க்குப் போனார். ஜனவரி 28ஆம் தேதி காலை, சேலஞ்சர் விண்கலம் கிளம்பியபோது வெப்பநிலை 2 டிகிரி அளவில்தான் இருந்தது. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் குளிரில் விறைத்து, இடைவெளியை நேரத்துக்கு அடைக்கவில்லை. 73ஆவது நொடியில் கலம் சிதறியது, ஏழு பேர் போனார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஃபெய்ன்மன் அந்த ரப்பர்த் துண்டைச் சின்னக் கிளாம்பில் நெருக்கி, ஐஸ் தண்ணீர் கிளாசில் போட்டு, வெளியே எடுத்துக் கிளாம்பைத் தளர்த்திக் காட்டினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. இதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஓ-ரிங் செய்கிறவனாக ஒரு ஹாலில் உட்கார்ந்து கேட்கும்போது உள்ளே என்னவோ செய்தது.

பிறகு நம் நாட்டுக் கணக்குக்கு வந்தார். ராஜஸ்தான் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவாகியிருக்கிறது. சியாச்சினில் குளிர்காலத்தில் மைனஸ் 50 வரை இறங்கும். ஒரே பொருள் இரண்டு இடத்துக்கும் போகலாம். நைட்ரைல் ரப்பரில் அக்ரிலோநைட்ரைல் என்கிற மூலப்பொருளின் பங்கு கூடினால் எண்ணெயைத் தாங்கும், குளிரில் விறைக்கும். குறைந்தால் குளிரைத் தாங்கும், எண்ணெயில் ஊதும். நம் மதுரையில் தொழில் செய்கிறவனுக்கு இதில் பாதிதான் பழக்கம். மோட்டார் கம்பெனிக்காரர் எண்ணெயையும் சூட்டையும் பற்றிக் கேட்பார், குளிரைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. அர்ஜுன் டாங்கியின் சஸ்பென்ஷன் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து தாங்குவது. அதில் சீல் கசிந்தால் அந்தச் சக்கரத்துக்குத் தாங்கல் போய்விடும் என்று அவர் படம் போட்டு விளக்கியபோது பக்கத்தில் இருந்த இளம் அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

உரையில் எனக்கு அதிகம் பயன்பட்டது கம்ப்ரெஷன் செட் பகுதி. ரப்பரை நான்கில் ஒரு பங்கு நெருக்கி, குறிப்பிட்ட சூட்டில் 22 மணி நேரமோ 70 மணி நேரமோ வைத்து, வெளியே எடுத்து அரை மணி நேரம் ஆறவிட்டு அளப்பார்கள். ஆள் எழுந்த பிறகும் பள்ளம் மாறாத தலையணை போல எவ்வளவு அமுங்கியே கிடக்கிறது என்பதுதான் கணக்கு. நாம் எல்லோரும் தனியாக அச்சடித்த சோதனைத் துண்டில்தான் இதை எடுத்துச் சான்று வாங்குகிறோம். கேள்வி நேரத்தில் எழுந்து, சான்றை எதற்கு எதிர்பார்க்கிறீர்கள், காம்பவுண்டு என்கிற ரப்பர் கலவைக்கா, ஒவ்வொரு தடவை செய்யும் பாட்சுக்கா என்று கேட்டேன். இரண்டுக்கும் வேண்டும், ஆனால் நான் நம்புவது செய்து முடித்த ரிங்கிலிருந்து வெட்டி எடுத்த துண்டைத்தான் என்றார். தடிமனான ரிங்கில் நடுப்பகுதி வேகும் விதமும் மெல்லிய துண்டு வேகும் விதமும் ஒன்றில்லை. பிரஸ்ஸில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், சான்றிதழில்தான் தெரிவதில்லை.

தேநீர் இடைவேளையில் பக்கத்தில் இருந்த அந்த அதிகாரியோடு பேச்சுக் கொடுத்தேன். ஈ.எம்.ஈ. பிரிவு, வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைப் பொறுப்பில் இருந்தவர். அவருடைய குறை தரத்தைப் பற்றியே இல்லை, பொட்டலத்தைப் பற்றி. சீல் நன்றாக இருக்கிறது, ஆனால் எப்போது வேகவைத்தது என்று தேதி இல்லாமல் வருகிறது. கிடங்கில் கிடந்து மூன்றாவது வருடம் கையில் எடுக்கும்போது அது புதுசா பழசா என்று யாருக்குத் தெரியும்? சர்வதேச விதிப்படி இயற்கை ரப்பரை ஐந்து வருடம், நைட்ரைலை ஏழு வருடம், சிலிக்கோனையும் விட்டான் என்கிற ஃப்ளூரோ ரப்பரையும் பத்து வருடம் கிடங்கில் வைக்கலாம். அதுவும் 25 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல், ஓசோன் கக்கும் மின்மோட்டார் பக்கத்தில் இல்லாமல். மதுரையில் மே மாதம் 25 டிகிரிக்கு எங்கே போவது என்றேன். தேதியையாவது போடுங்கள் என்றார்.

ஊருக்கு வந்ததும் முதலில் செய்தது அதைத்தான். ஒவ்வொரு பொட்டலத்திலும் காம்பவுண்டு எண், பாட்ச் எண், எந்த வருடம் எந்தக் காலாண்டில் வேகவைத்தது என்று ஸ்டிக்கர். பிசிறு எடுக்கும் அக்காமார் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களே ஸ்டிக்கர் இல்லாத பையைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அப்புறம் குளிர்ச் சோதனை. திருமங்கலத்தில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் மச்சானின் டீப் ஃப்ரீசர் மைனஸ் 18 காட்டும். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரிங்குகளை நெருக்கி, போல்ட் போட்டு, வெனிலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் கழற்றினால், எண்ணெய் தாங்குவதற்காக அக்ரிலோநைட்ரைல் கூட்டிப் போட்ட என் வழக்கமான சரக்கு தட்டையாகவே கிடந்தது, கை சூடு பட்ட பிறகுதான் மெல்ல எழுந்தது. அக்ரிலோநைட்ரைல் பங்கு குறைந்த புதுச் சரக்கு கிளாம்பை எடுத்ததும் எழுந்துகொண்டது. இது சான்று ஆகாது, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் முறையாகச் செய்த சோதனையைத்தான் எவரும் பார்ப்பார்கள். ஆனால் ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் எந்தக் கலவையை அனுப்பலாம் என்று ஃப்ரீசரே சொல்லிவிடும்.

விற்கும் வழிக்கு வருவோம். 2018இல் சென்னைக்குப் பக்கம் திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டத்தைப் பலரும் சொல்வார்கள். மானியம் உண்டு, ஆனால் அது புதுக் கண்டுபிடிப்புக்கு. நம்மைப் போன்ற உருப்படிக்காரர்களுக்கு 2020இல் வந்த ஸ்ரிஜன் தளம்தான் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும் உதிரிப் பொருள்களைப் படைகளும் அரசு நிறுவனங்களும் அதில் போட்டு, உள்ளூரில் யார் செய்வீர்கள் என்று கேட்கின்றன. தேடலில் சீல், ஓ-ரிங் என்று அடித்துப் பாருங்கள், திகைத்துப்போவீர்கள். குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு இருந்தால் பொதுவாக டெண்டர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை.

நான் விருப்பம் தெரிவித்தவற்றில் இரண்டு அளவுகளுக்கு மாதிரி கேட்டிருக்கிறார்கள். ஒன்று வெந்து, செய்த ரிங்கிலிருந்தே துண்டு வெட்டி, ஆய்வக அறிக்கையோடு போயிருக்கிறது. இன்னொன்றின் விட்டம் என் பிரஸ்ஸில் அடங்காது. அதற்கான மோல்டைப் பின்தெரு யூனிட்டில் இறக்கியிருக்கிறேன், அவரிடம் பிளாட்டன், அதாவது பிரஸ்ஸின் அழுத்தும் தகடு, பெரிதாக இருக்கிறது. அடுத்த உரைக்கு அவரும் வருகிறார், உறுதிமொழிக் கடிதம் இப்போதே தயார்.