பால்புட்டிகளோடு கடந்த மூன்று பாதுகாப்புச் சோதனைகள்

என் மகளுக்கு 7 மாதம் நிறைந்திருந்தபோது, அவளைத் தூக்கிக்கொண்டு நான் தனியாக ஒரு நீண்ட விமானப் பயணம் மேற்கொள்ள வேண்டியிருந்தது. முதல் விமானம் 8 மணி நேரம். இடையில் 4 மணி நேரக் காத்திருப்பு. அதன்பின் 3 மணி நேரத்துக்கு இன்னொரு விமானம். வீட்டைப் பூட்டியதிலிருந்து போய்ச் சேரும் வரை கணக்கிட்டால் ஏறத்தாழ 20 மணி நேரம். அப்போது அவள் தாய்ப்பாலும், எனக்குச் சுரப்பு குறையும் வேளைகளில் பால்மாவுக் கரைசலும், நாளுக்கு இரண்டு முறை காய்கறி மசியலும் உண்டுகொண்டிருந்தாள். ஆகவே பாலும், மாவு கரைப்பதற்கான நீரும், மசியலும் என் கைப்பையில் இருந்தாக வேண்டும். மூன்றுமே சோதனை மேசையில் நிறுத்தி வைக்கப்படக்கூடியவை என்பதால், புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே எனக்கு அதைப் பற்றிய கவலைதான்.

முதலில் விதியைத் தெளிவாகப் புரிந்துகொள்ள முயன்றேன். 2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து செல்லும் விமானங்களைத் திரவ வெடிபொருள் கொண்டு தகர்க்க இருந்த சதி முறியடிக்கப்பட்டது. அந்த நாள்களில் பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கைப்பையில் எந்தத் திரவத்தையும் எடுத்துச் செல்ல விடவில்லை. குழந்தையின் பாலுக்கு மட்டும், உடன் வருபவர் அதைச் சுவைத்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி தந்தார்கள். பிறகு, ஒவ்வொரு கொள்கலனும் 100 மி.லி.க்கு மிகாமல், அனைத்தும் ஒரு லிட்டர் கொள்ளும் தெளிவான பைக்குள் அடங்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் நிலைபெற்றது. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு பெரும்பாலும் ‘பயணத்துக்குத் தேவையான அளவு’ என்ற சொற்களால்தான் எழுதப்பட்டிருக்கிறது. தேவையான அளவு எது என்பதை அந்த நேரத்தில் மேசைக்கு அப்பால் நிற்கும் அலுவலர்தான் முடிவு செய்கிறார். என் கவலைக்கு வேர் இந்த ஒரு சொற்றொடர்தான் என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது.

நாட்டுக்கு நாடு வேறுபாடும் உண்டு. அமெரிக்காவில் தாய்ப்பாலை எடுத்துச் செல்லும் தாயுடன் குழந்தை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாலைக் குளிராக வைக்கும் ஜெல் கட்டிகளையும் அனுமதிக்கிறார்கள். பிரிட்டனில் தாய்ப்பாலுக்கு ஒரு கொள்கலன் 2,000 மி.லி. வரை இருக்கலாம், ஆனால் உறையவைத்த தாய்ப்பாலைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. இந்த வேறுபாட்டை அறியாமல், இரண்டு மாதம் சேமித்த பாலைக் கல்போல் உறையவைத்து எடுத்துச் செல்லும் தாயை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது. பால்மாவு தூளாக இருப்பதால் திரவ விதிக்குள் வராது. 2018 முதல் அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மி.லி. அளவுக்கு மேற்பட்ட தூள்களைத் தனியாகச் சோதிக்கிறார்கள் என்றாலும், குழந்தைகளுக்கான பால்மாவுக்கு அதிலும் விலக்கு இருக்கிறது. என் பாதையில் வரும் இரண்டு விமான நிலையங்களின் விதிப் பக்கங்களையும் அச்செடுத்து, குழந்தை உணவு பற்றிய வரிகளுக்கு அடிக்கோடிட்டு, கடவுச்சீட்டு உறையில் வைத்துக்கொண்டேன்.

பை அடுக்கும்போது விதியை விட நேரக் கணக்கே எனக்கு முக்கியமாகப் பட்டது. கறந்தெடுத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வரை தாங்கும்; நன்றாக உறைந்த ஜெல் கட்டிகளுடன் வெப்பம் புகாத பையில் வைத்தால் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். கரைத்த பால்மாவோ அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பால்மாவு கிருமி நீக்கிய பொருள் அன்று என்பதால், 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டிலேயே கரைத்து எடுத்துச் செல்வது இதனாலேயே தவறாகிறது. எனவே 120 மி.லி. வீதம் மூன்று புட்டிகளில் தாய்ப்பால், நான்கு சிறு டப்பாக்களில் வேளைக்கு அளந்த பால்மாவு, ஒரு பிளாஸ்கில் அரை லிட்டர் கொதித்த நீர், இரண்டு பைகளில் மசியல் என்று முடிவாயிற்று. இவற்றோடு ஒரு தாளில், எந்த மணிக்கு எந்த உணவு என்று 20 மணி நேரத்துக்கான அட்டவணை ஒன்றையும் எழுதினேன். அப்போது அது எனக்காக எழுதியதுதான். பிறகு அது வேறு விதத்தில் உதவியது.

தாய்ப்பாலைச் சேமிக்கும் மெல்லிய பைகளில் வைக்காமல் ஒளி ஊடுருவும் கெட்டியான புட்டிகளில் வைத்ததற்குக் காரணம் உண்டு. புட்டியைத் திறக்காமலேயே உள்ளிருக்கும் திரவத்தைச் சோதிக்கும் கருவிகள் சில விமான நிலையங்களில் இருக்கின்றன. பைகளில் இருக்கும் திரவத்தை அக்கருவிகளால் சரியாகப் பார்க்க முடியாமல் போகலாம் என்றும், அப்போது பையைத் திறந்து சோதிக்க வேண்டிவரும் என்றும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமே குறிப்பிடுகிறது. ஒரு முறை திறந்த பையை மீண்டும் ஒழுகாமல் மூடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பால் சேமித்த எவரும் அறிவார்.

என் பெரியம்மாவுக்கு வேறொரு கவலை இருந்தது: “அந்த எக்ஸ்ரே பெட்டிக்குள்ளே போன பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?” அவர் கேட்டது நியாயமான கேள்வி, எனக்கும் உள்ளூர அதே ஐயம் இருந்தது. கதிர் பாலின் ஊடாகச் சென்றுவிடுகிறது, பாலில் தங்குவதில்லை. பை சோதிக்கும் எக்ஸ்ரேயின் ஆற்றல் ஒரு பொருளைக் கதிரியக்கம் உடையதாக மாற்றப் போதுமானதும் அன்று. இவ்வாறு சோதிக்கப்பட்ட உணவை உண்பதால் தீங்கு எதுவும் அறியப்படவில்லை என்றே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் சொல்கிறது. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள், பாலை எக்ஸ்ரேயில் வைக்காமல் வேறு வழியில் சோதிக்கும்படி சில நாடுகளில் கேட்கலாம். அதற்கு நேரம் கூடுதலாக ஆகும்.

முதல் விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. தட்டு என் கைக்கு வருவதற்கு முன்பே, “குழந்தையின் பாலும் உணவும் இருக்கின்றன, தனியாக எடுத்து வைக்கிறேன்” என்று அலுவலரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரே துணிப்பையில் வைத்திருந்ததால், அதை அப்படியே தூக்கி ஒரு தட்டில் வைப்பது மட்டுமே வேலையாக இருந்தது. தள்ளுவண்டி மடிக்கப்பட்டு எக்ஸ்ரேக்குள் சென்றது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் உலோகம் கண்டறியும் வாயிலைக் கடந்தேன். பால்புட்டிகளைத் திறக்காமலேயே திரவத்தைச் சோதிக்கும் கருவியில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தார்கள். எஃகு பிளாஸ்க் அதில் சோதிக்க இயலாதது என்பதால், மூடியைத் திறந்து, ஒரு தாள் பட்டையைக் குடுவையின் வாய்க்கு மேலே பிடித்து ஆவியைச் சோதித்தார்கள். பட்டை நீரைத் தொடவில்லை. எல்லாம் சேர்ந்து 10 நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா இவ்வளவு அஞ்சினேன் என்று எண்ணியபடி விமானத்தில் ஏறினேன்.

இடைநிறுத்த விமான நிலையத்தில் அந்த நிம்மதி கலைந்தது. இறங்கிய பயணிகள் அனைவரும் அடுத்த வாயிலுக்குச் செல்லும் முன் மீண்டும் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. முதல் நிலையத்தில் கிடைத்த அனுமதி இங்கே செல்லாது. மகள் தூக்கம் கெட்டு அழுதுகொண்டிருந்தாள். அட்டவணைப்படி ஒரு புட்டிப் பாலை விமானத்தில் குடித்து முடித்திருந்தாள். மீதி இரண்டு புட்டிகளும் ஒரு மசியல் பையும் பிளாஸ்கும் இருந்தன. நான் சொல்லி முடிப்பதற்குள் இளம் அலுவலர் ஒருவர் எல்லாவற்றையும் ஓரமாக நகர்த்தி, “100 மி.லி.க்கு மேல் அனுமதி இல்லை” என்றார். அச்செடுத்த பக்கத்தை எடுத்து, அடிக்கோடிட்ட வரியைக் காட்டினேன். இது அவருடைய விமான நிலையத்தின் விதிதான், வேறு எவருடையதும் அன்று என்பதை அவர் பார்த்தார். வாதாடாமல் மேற்பார்வையாளரை அழைத்தார். அந்த ஒன்றுக்காக அவருக்கு நான் இன்றும் நன்றியுடையவள்.

மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி, இன்னும் எத்தனை மணி நேரப் பயணம் என்பதுதான். நான் அட்டவணைத் தாளை நீட்டினேன். மீதமிருந்த இரண்டு புட்டிகளும் அதில் இரண்டு வேளைகளாக எழுதப்பட்டிருந்தன. ‘தேவையான அளவு’ என்ற சொற்களுக்கு அந்தத் தாள் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டது; பாலைப் பற்றி அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் ஒரு புட்டியைச் சுவைத்துக் காட்டச் சொன்னார். புட்டியில் வாய் வைத்தால் என் எச்சில் அதில் கலந்து பால் விரைவில் கெடும் என்பதால், சிறு மூடி ஒன்றில் சில துளிகள் ஊற்றிச் சுவைக்கலாமா என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார். புட்டியைத் திறக்க அவர் கை நீட்டியபோது, கையுறையை மாற்றிக்கொள்ளும்படி கேட்டேன். கேட்பதற்குத் தயக்கமாகத்தான் இருந்தது. காலை முதல் எத்தனையோ பெட்டிகளையும் காலணிகளையும் தொட்ட கையுறை அது. அவர் முகம் சுளிக்கவில்லை, உடனே மாற்றினார். பாதி உருகிக் குழகுழவென்று ஆகியிருந்த ஜெல் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, பாலோடு இருப்பதால் விட்டார்.

பிளாஸ்கு நீரை மட்டும் அவர் அனுமதிக்கவில்லை. குழந்தைக்கான கொதித்து ஆறிய நீரும் விலக்கில் அடங்கும் என்ற வரியைக் காட்ட நான் தாளைப் புரட்டத் தொடங்கினேன். அப்போதுதான், அந்த நீர் கொதித்து 13 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன், வெதுவெதுப்புதான் மிச்சம். 70 டிகிரிக்கு எங்கே போவது? நான் போராடிக் காப்பாற்ற முனைந்த நீர், பால்மாவு கரைக்க ஏற்கெனவே பயனற்றதாகிவிட்டிருந்தது. அதை அவர்கள் காட்டிய தொட்டியில் ஊற்றிவிட்டு, சோதனையைக் கடந்தபின் ஒரு தேநீர்க் கடையில் அப்போதே கொதித்த நீரைக் கேட்டு பிளாஸ்கை நிரப்பிக்கொண்டேன். இன்று யாராவது என்னிடம் கேட்டால், தாய்ப்பாலுக்காக எவ்வளவு நேரமானாலும் பொறுமையாக நின்று பேசுங்கள், அதற்கு மாற்று அந்த விமான நிலையத்தில் எங்கும் கிடைக்காது. நீரைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது உள்ளே கிடைக்கும் என்றுதான் சொல்கிறேன்.

திரும்பி வரும் பயணம் 11 மணி நேர நேர் விமானம். இம்முறை நீரும் மாவும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், கரைக்கத் தேவையில்லாத, கிருமி நீக்கி அடைக்கப்பட்ட திரவப் பால் பெட்டிகள் நான்கை வாங்கிக்கொண்டேன். மசியலில் பழத்தைச் சேர்க்க எண்ணியவள், அதை வெட்டக் கத்தி கொண்டுபோக முடியாது என்பதால் வீட்டிலேயே மசித்து எடுத்துச் சென்றேன். சோதனையில் அலுவலர் ஒரு பால் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் அதன் கிருமி நீக்கம் அந்தக் கணமே முடிந்துவிடும். மகளுக்கோ அடுத்த பால் வேளை 3 மணி நேரத்துக்குப் பிறகு. திறக்க விருப்பமில்லை என்று காரணத்தோடு சொன்னேன். அப்படியானால் என்னையும் பைகளையும் கூடுதலாகச் சோதிக்க வேண்டியிருக்கும் என்றார், சம்மதித்தேன். பெண் அலுவலர் ஒருவர் என் உடையைத் தடவிச் சோதித்தார். பை முழுவதும் பிரிக்கப்பட்டு, வெடிபொருள் துகள் இருக்கிறதா என்று துணித் துண்டால் துடைத்துப் பார்க்கப்பட்டது. 20 நிமிடம் ஆயிற்று. மகளை அதுவரை தள்ளுவண்டியில் என் கண்ணெதிரே வைத்திருந்தார்கள். நான்கு பெட்டிகளும் முத்திரை கலையாமல் என்னிடம் திரும்பி வந்தன.

விமானம் கீழிறங்கத் தொடங்கியதும், கடைசியாக மிஞ்சியிருந்த தாய்ப்பால் புட்டியை மகளுக்குக் கொடுத்தேன். இறங்கும்போது உறிஞ்சி விழுங்கிக்கொண்டிருந்தால் காதுக்குள் அழுத்தம் சமப்படும், வலி குறையும் என்பதற்காகவே அதை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். பாதி குடித்ததும் அவள் உறங்கிவிட்டாள். குடிவரவு வரிசையும் பெட்டிகளுக்கான காத்திருப்பும் வீடு சேரும் பயணமும் முடிந்தபோது, வாய் வைத்த பாலுக்கு உரிய 2 மணி நேரம் கடந்துவிட்டிருந்தது. அவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, மீதமிருந்த 60 மி.லி.யைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, புட்டியைக் கழுவி வைத்தேன்.