ஆழ்கடலில் என் முதல் மஞ்சள் துடுப்புச் சூரை

கரையோரத்தில் கடல் பச்சையாக இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் வெளிறிய நீலம். கண்டத்திட்டு முடிந்து கடலடி சரியத் தொடங்கும் இடம் வந்ததும் தண்ணீர் ஒரேயடியாகக் கருநீலமாகிவிடும். படகின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் வெயில் கம்பி கம்பியாக உள்ளே இறங்கிக்கொண்டே போவது தெரியும், அடி தெரியாது. சூரை, மயில் மீன், கொப்பரன் எல்லாம் நடமாடும் தண்ணீர் அது. பல வருடமாக நண்பர்களோடு பேசிப் பேசியே தள்ளிப்போன பயணம் ஒருவழியாக அங்கே வந்து சேர்ந்தது.

படகில் ஐந்து பேர். நண்பர்கள் நாங்கள் நால்வர், சுக்கான் பிடிக்க அண்ணன். அவர் எங்களில் யாருக்கும் உடன்பிறந்தவர் இல்லை. வயதில் மூத்தவர், கடலிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். படகில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று கிளம்பும்போதே பேசிவைத்துக்கொண்டோம். ஆழ்கடலுக்குப் போகிற எந்தக் கூட்டத்துக்கும் இந்த ஒப்பந்தம் வேண்டும் என்பேன். மீன் கடித்த நேரத்தில் நாலு பேர் நாலு விதமாகக் கத்தினால் தூண்டில் நரம்பும் போகும், விரலும் போகும்.

பாதி வேலை முந்தின நாள் சாயங்காலமே முடிந்திருந்தது. நரம்பு முழுவதையும் விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்து, சிராய்ப்பு தட்டுப்பட்ட இடத்தில் வெட்டி எறிந்தோம். முடிச்சுகளை எச்சில் தொட்டு இறுக்கினோம். காய்ந்த முடிச்சு இறுகும்போது சூடேறி அந்த இடத்திலேயே நரம்பைப் பலவீனமாக்கிவிடும். அதற்கப்புறம் டிராக். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலுக்குள் இருக்கிற பிரேக்குக்கு அதுதான் பெயர். மீன் ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுப்பது அதன் வேலை. எங்கள் நரம்பு 24 கிலோ தாங்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 கிலோவில் வழுக்கத் தொடங்கும்படி வில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து வைத்தார் அண்ணன். "கடல்ல போய் இதத் தொடக் கூடாது. தொடணும்னு கை அரிக்கும். தொடாத" என்றார். அந்த வார்த்தைக்கு எவ்வளவு அர்த்தம் என்று மறுநாள் தெரிந்தது.

தூண்டில் கம்பான ராடு யார் கைக்கு எந்த வரிசையில் போவது என்று சீட்டுக் குலுக்கினோம். முதல் சீட்டு எனக்கு விழுந்தது.

இழுவைத் தூண்டில் என்பது பார்ப்பதற்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை மாதிரித் தெரியும். படகு மணிக்கு 7 கடல் மைல் வேகத்தில் போகிறது. பின்னால் நான்கு லூர்கள், ஒன்றுக்கொன்று தூரம் மாற்றி. கணவாய் வடிவில் ரப்பர் இழைகள் தொங்கும் போலி இரைகள் அவை. படகு கிளப்பும் வெள்ளை நுரைக்குள் விட்டால் மீன் கண்ணில் படாது. நுரைக்கு வெளியே, அலையின் முன்முகத்தில் லூர் நிற்க வேண்டும். அங்கே நின்றால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, பிறகு புகை மாதிரிக் குமிழிகளை விட்டுக்கொண்டே கீழே போகும். அந்தக் குமிழிதான் மீனைக் கூப்பிடுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு லூரையும் பார்த்து, பாசி மாட்டியிருந்தால் இழுத்துச் சுத்தம் செய்து திரும்பவும் விடுவோம். பாசி தொங்கும் லூரை எந்த மீனும் திரும்பிப் பார்க்காது.

எங்களில் ஒருவனுக்கு அலை ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் அவனைப் படகின் நடுப்பகுதிக்கு வரவைத்து, தொடுவானத்தையே பார்க்கச் சொன்னார். படகு ஆட்டம் முன்முனையான அணியத்தில்தான் அதிகம், நடுவில் குறைவு. அறைக்குள் போய்ப் படுத்தால் கண்ணுக்கு அசைவு தெரியாது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்புக்கு மட்டும் தெரியும். அந்த முரண்பாடுதான் குமட்டல். குனிந்து போனைப் பார்ப்பதும் அதே கெடுதல். அவன் ஒரு மணி நேரம் பேசாமல் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு, இடையிடையே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீனைப் படகில் ஏற்றியவன் அவன்தான்.

வெயில் ஏறிய பிறகு கிழக்கே ஆலாக்கள் தெரிந்தன. கடற்பறவை பறக்கிற விதத்திலேயே கீழே என்ன நடக்கிறது என்று படித்துவிடலாம். உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டு தேடினால் மீன் ஆழத்தில் இருக்கிறது. தாழப் பறந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கொத்தினால், சிறுமீன்களை யாரோ கீழேயிருந்து மேலே துரத்துகிறார்கள். இந்த ஆலாக்கள் விழுந்து கொத்தின. கிட்டப் போனதும் பறவைக்கோலாக்கள் கூட்டமாகத் தண்ணீரிலிருந்து கிளம்பிச் சிதறுவது தெரிந்தது. ஒரு இடத்தில் தண்ணீர் பிளந்தது. கருநீல முதுகு, பின்னால் பிறை மாதிரி வளைந்த மஞ்சள் துடுப்பு. யாரும் மூச்சு விடவில்லை.

அண்ணன் கூட்டத்துக்குள் படகை விடவில்லை. உள்ளே புகுந்தால் மீன் மாப்பு மொத்தமும் ஆழத்துக்கு இறங்கிவிடும். பெரிய வட்டமாகச் சுற்றி, படகு விளிம்பில் போக, லூர்கள் மட்டும் கூட்டத்தின் முகத்துக்கு முன்னால் போகும்படி திருப்பினார். திருப்பத்தின் உட்பக்க லூர் வேகம் குறைந்து கொஞ்சம் தாழ்ந்தது. அதைத்தான் அடித்தது.

ரீல் அலறுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அது புரியும். இடுப்பில் பெல்ட் கட்டி, ராட்டின் அடியை அதன் குழியில் ஊன்றுவதற்குள் 200 மீட்டர் நரம்பு போய்விட்டது. மற்ற மூன்று லூர்களையும் நண்பர்கள் பரபரவென்று சுற்றி உள்ளே எடுத்தார்கள். பின்னால் நரம்புகள் கிடந்தால் ஓடுகிற மீன் எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னிவிடும். "விடு, விடு, ஓடட்டும்!" என்று அண்ணன் கத்தினார். நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் என் கண்ணெதிரே மெலிந்துகொண்டே வந்தது. டிராக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும் என்று உடம்பு முழுக்க ஒரு துடிப்பு. அண்ணன் சொன்ன அரிப்பு இதுதான்.

அதற்கு இடம் கொடுக்கக் கூடாததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நரம்பு போகப் போக ஸ்பூலில் மிச்சமிருக்கும் சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால், நீங்கள் எதையும் தொடாமலே அதே டிராக் இரண்டு மடங்கு பலமாகப் பிடிக்கும். 8 கிலோ என்று வைத்தது 16 ஆகிவிடும். தண்ணீருக்குள் வளைந்து கிடக்கிற நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பை இழுப்பதற்கு ஆகும் பலம் தனி. இதற்கு மேல் இறுக்கினால் 24 கிலோ நரம்பு தாங்காது. மீன் ஓட ஓடத் தளர்த்தத்தான் வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது.

டிராக் என்ற ஒன்றே இல்லாத ரீலோடு இந்த மீன்களைப் பிடித்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கலிபோர்னியா கரைக்கு அப்பால் சாண்டா கட்டலினா தீவில் சார்லஸ் ஹோல்டர் என்பவர் 1898இல் 183 பவுண்டு எடையுள்ள நீலத் துடுப்புச் சூரையைத் தூண்டிலில் பிடித்தார். அந்த வருடமே அங்கே சூரை பிடிப்பவர்களுக்கென்று ஒரு சங்கமும் தொடங்கினார்கள். அந்தக் கால ரீலில் மீன் ஓடினால் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். கையை எடுக்காவிட்டால் விரல் முறியும். ரீலில் இருந்த தோல் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதே தீவில் 1913இல் வில்லியம் போஷன் உள்ளேயே பிரேக் வைத்த ரீலைக் கொண்டு வாள்மீன் பிடித்த பிறகுதான் நிலைமை மாறியது.

நீள ஓட்டம் முடிந்ததும் மீன் நேராகக் கீழே இறங்கியது. சூரையின் குணம் இது. மயில் மீன் மேலே வந்து குதித்துத் தன்னைத்தானே களைக்க வைத்துக்கொள்ளும். சூரை குதிப்பது அபூர்வம், ஆழம்தான் அதன் ஆயுதம். அதன் பிறகு வேலை ஒன்றேதான்: காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகையும் தொடையையும் கொண்டு ராட்டை மெல்ல மேலே தூக்குவது, இறக்கும்போது சுற்றுவது. ஒரு தூக்குக்கு அரை மீட்டர் கிடைக்கும். பத்து மீட்டர் சேர்த்தால் அது பதினைந்து மீட்டரைத் திரும்பப் பிடுங்கும். முன்கை மரத்துப்போய், சுற்றுவது என் கைதானா என்று பார்க்க வேண்டியிருந்தது.

"கொஞ்ச நேரம் கொடுடா, நான் பிடிக்கிறேன்" என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் பேசிவைத்ததுதான். 1939இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீன் மாட்டிய பிறகு வேறொருவர் ராட்டைத் தொட்டால் அது அந்தத் தூண்டில்காரரின் மீனாகக் கணக்கில் வராது. சாதனைப் புத்தகத்தில் பெயர் வர வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் அந்த விதியில் ஒரு நியாயம் இருக்கிறது, மீனுக்கு எதிரில் ஒரே ஆள். நண்பர்கள் செய்தது வேறு. ஒருவன் என் பிடரியில் தண்ணீர் ஊற்றினான். ஒருவன் நரம்பு போகிற கோணத்தைப் பார்த்துப் பார்த்து அண்ணனுக்குச் சொன்னான். நரம்பு படகின் அடிப்பக்கம் போய் உரசாமல் அண்ணன் படகைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நரம்பு வட்டம் போடத் தொடங்கியது. களைத்த சூரை படகுக்குக் கீழே வளையமாகச் சுற்றும். சூரைக்குச் செவுளை அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுக்கத் தெரியாது. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. எவ்வளவு களைத்தாலும் அது நிற்க முடியாது. வட்டத்தில் படகை விட்டு விலகும்போது பிடித்துக்கொண்டு மட்டும் நில், படகை நோக்கி வரும்போது அள்ளிச் சுற்று என்றார் அண்ணன். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு மீட்டர் கிடைத்தது. முதலில் ஆழத்தில் பச்சையாக ஒரு மினுக்கம், அடுத்த சுற்றில் வெள்ளி வயிறு, அதற்கடுத்த சுற்றில் மஞ்சள்.

கொக்கிக் கம்பை அலை ஒத்துக்கொள்ளாத நண்பன் எடுத்தான். எழுந்து நின்றபோது முகத்தில் பழைய வெளுப்பு இல்லை. அண்ணன் கையுறை மாட்டி, லூருக்கு முன்னால் கட்டிய தடித்த நரம்பான லீடரைப் பிடித்து மீனின் தலையைத் திருப்ப, அவன் ஒரே வீச்சில் தலைப் பக்கமாகக் கொக்கியைப் போட்டான். உடம்பில் போட்டிருந்தால் சதை கெட்டிருக்கும். மூன்று பேர் சேர்ந்து உள்ளே இழுத்தார்கள். வால் தளத்தில் அடித்த வேகத்தில் படகே அதிர்ந்தது.

நாலரை அடி நீளம். அதைத் தொட்டுப் பார்த்தபோது இவ்வளவு நேரம் என்னை இழுத்தது எது என்று புரிந்தது. முதுகுத் துடுப்பு மடங்கி விழுவதற்கு முதுகிலேயே ஒரு காடி இருக்கிறது. பக்கத் துடுப்பும் உடம்போடு ஒட்டிப் படிந்துகொள்ளப் பள்ளம். அதை விரலால் தடவினால் விளிம்பே தட்டுப்படாது. வால் அருகில் வரிசையாகச் சின்னச் சின்ன மஞ்சள் துடுப்புகள், ஓரத்தில் கறுப்புக் கரை. வேகத்துக்கு இடைஞ்சலாக ஒரு மயிரிழை கூட அந்த உடம்பில் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. மூளையில் குத்தி உடனே முடித்தார் அண்ணன். பக்கத் துடுப்புக்குப் பின்னால் மூன்று விரல் தள்ளி இருபுறமும் வெட்டு போட்டு ரத்தம் வடிய விட்டோம். குடலை எடுத்துக் கழுவிய பிறகு, வயிற்றுக்குள் கையை விட்டு முதுகெலும்பை ஒட்டித் தொட்டுப் பார் என்றார். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. மீன் என்றால் குளிர்ந்த உடம்பு என்றே படித்து வளர்ந்தவன் நான். உள்ளே கை வைத்ததும் சட்டென்று எடுத்துவிட்டு, திரும்பவும் வைத்தேன். சூரையின் உடம்பில் உள்ளே போகிற குளிர்ந்த ரத்தமும் தசையிலிருந்து வருகிற சூடான ரத்தமும் நுண்ணிய குழாய்களில் எதிரெதிராக உரசி ஓடுகின்றன. சூடு செவுள் வழியாகக் கடலுக்குப் போகாமல் தசைக்கே திரும்பிவிடுகிறது. ஜான் டேவி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1835இலேயே சூரை சுற்றியுள்ள கடலைவிடச் சூடானது என்று அளந்து எழுதியிருக்கிறார்.

அந்தச் சூடுதான் அவசரத்துக்கும் காரணம். நீண்ட போராட்டத்தில் தசை இன்னும் சூடேறிப் புளிக்கிறது. உடனே குளிர்விக்காவிட்டால் சதை நிறம் வெளிறிக் குழைந்துவிடும். அதைவிட முக்கியம், சூடாகக் கிடக்கும் சூரையில் பாக்டீரியா ஹிஸ்டமின் உண்டாக்கும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலைவலியும் வாந்தியும் வரும். கடல்நீரும் உடைத்த ஐஸும் கலந்து கூழாக வைத்திருந்த பெட்டிக்குள் மீனை முழுதாக அமிழ்த்தினோம். வெறும் ஐஸ்கட்டிமேல் கிடத்துவதைவிட இது எல்லாப் பக்கமும் ஒட்டிக் குளிர்விக்கும். இவ்வளவு பெரிய மீனின் உயிரை எடுத்த பிறகு ஒரு கைப்பிடிச் சதையும் வீணாகக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. வீட்டுக்கு இது போதும் என்று அங்கேயே முடிவு செய்தோம். அடுத்தடுத்து மாட்டிய இரண்டு சிறு சூரைகளையும் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டோம்.

நண்பகலுக்கு மேல் காற்று ஏறி அலையின் தலை வெள்ளையாக உடையத் தொடங்கியதும் அண்ணன் படகைத் திருப்பிவிட்டார். இன்னும் ஒரு சுற்று என்று யாரும் கெஞ்சவில்லை. கரையில் தராசு 46 கிலோ காட்டியது. தோலை நீக்கி, நடுமுள்ளை ஒட்டி நான்கு நீளத் துண்டங்களாகப் பிரித்து ஐந்து பங்காக்கினோம். அடுத்த பயணத்துக்குச் சீட்டுக் குலுக்க வேண்டியதில்லை என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். கொக்கி போட்டவனுக்குத்தான் முதல் ராடு.