ஜீனா பிர்ச்: பேஸ் கிட்டாரிலிருந்து தூரிகைக்கு

1977-ல் லண்டனில் ஒரு நுண்கலைக் கல்லூரி மாணவி சூப்பர் 8 என்ற சிறிய ஃபிலிம் கேமராவை ஓடவிட்டு, அதன் முன்னால் முகத்தைக் காட்டி அலறினார். ஃபிலிம் சுருள் தீரும்வரை நிறுத்தவில்லை. ஒரு சுருள் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும், அதனால் படத்தின் பெயரும் 'மூன்று நிமிட அலறல்'. அந்த மாணவிதான் ஜீனா பிர்ச். 2023-ல் டேட் பிரிட்டன் அருங்காட்சியகம் பெண் கலைஞர்களின் எதிர்ப்பைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தபோது, அந்த அலறும் முகத்தைத்தான் போஸ்டரில் போட்டார்கள்.

அவரை எல்லாரும் 'தி ரெயின்கோட்ஸ்' என்ற இசைக்குழுவில் பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி தரும் கிட்டார், வாசிப்பவராகத்தான் அறிவார்கள், ஓவியம் அப்புறம் வந்தது என்பார்கள். ஆனால் நாட்டிங்ஹாமிலிருந்து அவர் லண்டனுக்கு வந்ததே ஹார்ன்ஸி நுண்கலைக் கல்லூரியில் படிக்கத்தான், 1968-ல் மாணவர்கள் கட்டடத்தையே கைப்பற்றி உட்கார்ந்தார்களே, அதே கல்லூரி. இசைதான் நடுவில் வந்தது. 'தி ஸ்லிட்ஸ்' என்ற பெண்கள் குழு மேடையில் வாசிப்பதைப் பார்த்தார், நம்மாலும் முடியும் என்று தோன்றியது, ஒரு பேஸ் வாங்கினார். வாசிக்கத் தெரியாது. 1977 கடைசியில், போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து வந்து அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஆனா ட சில்வாவுடன் சேர்ந்து ரெயின்கோட்ஸ் குழுவாக மேடை ஏறிவிட்டார்!

1979-ல் ரஃப் டிரேட் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டால் அந்தத் துணிச்சல் புரியும். விக்கி ஆஸ்பினாலின் வயலின் கீறிக்கொண்டே போகும், டிரம்ஸ் திடீரென்று வேகமெடுக்கும், மற்ற குழுக்களில் பின்னால் நின்று தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் பேஸ் இங்கே தன் போக்கில் பாட்டுக்குள் அலைந்து திரும்பும். 'லோலா' என்று ஆண் குரலில் பிரபலமான ஒரு பாட்டை வரிகளை மாற்றாமல் இந்தப் பெண்கள் பாடியிருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள், பாட்டின் அர்த்தமே வேறு பக்கம் சாய்ந்துவிடும். 1981-ல் வந்த 'ஒடிஷேப்' ஆல்பம் இன்னும் விசித்திரம். நிரந்தர டிரம்மர் இல்லாமலே பாட்டுகளைக் கட்டிவிட்டு, ராபர்ட் வயட் போன்ற டிரம்மர்களைப் பிறகு வாசிக்கவைத்தார்கள். தரை இல்லாத வீட்டுக்குள் நடப்பதுபோல இருக்கும். எனக்கு அதுதான் அவர்களுடைய உச்சம்.

1984-ல் குழு கலைந்தது. அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் அவர்களுடைய பழைய இசைத்தட்டைத் தேடி லண்டனில் அலைந்ததும், அதனால் 1993-ல் ஆல்பங்கள் மறுபடி வெளிவந்ததும், ரெயின்கோட்ஸ் நிர்வாணாவோடு சுற்றுப்பயணம் போகவிருந்த சமயத்தில் கோபேன் இறந்துபோனதும் பலமுறை எழுதப்பட்ட கதை, அதை விட்டுவிடுகிறேன். இடையில் ஜீனா மற்ற குழுக்களுக்கு இசை வீடியோக்கள் இயக்கினார்.

தூரிகையை முழுமூச்சாக எடுத்தது வயதான பிறகுதான். 2022-ல், அறுபதைத் தாண்டிய ஜீனாவின் ஓவியங்கள் கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பலில் காட்சிக்கு வந்தன. நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள், பளிச்சென்ற நிறங்கள், வழவழப்பாக முடிக்கப்படாத கோடுகள். கையை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் இறங்குகிற அந்தத் துணிச்சல் பேஸில் கேட்டதேதான். விதிகளுக்குக் கட்டுப்பட்ட கை இப்படிப் போகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவரை 'ஓய்வுக்காலத்தில் படம் வரையும் பழைய பாடகி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இசையையும் விடவில்லை. 2023-ல் முதல் தனி ஆல்பம், தேர்ட் மேன் என்ற இசை நிறுவனத்தின் வெளியீடு, தலைப்பே 'நான் என் பேஸைச் சத்தமாக வாசிக்கிறேன்'. 2025-ல் இரண்டாவது. புதிதாகக் கேட்பவர்கள் 1979 ஆல்பத்தில் தொடங்குங்கள், பிடிக்கவில்லையென்றால் இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள், அப்புறம் ஓவியங்களைத் தேடிப் பாருங்கள்.