அண்டா இல்லாத வளவு

ஜூன் 12, காரைக்குடி

நேற்று வீடு வந்தேன். வயிற்றில் நான்கு சிறு துளைகள், கையில் ஒரு புட்டி. அதற்குள் என் பித்தப்பைக் கற்கள் பதினொன்று. பத்து கொத்தமல்லி விதை அளவு, ஒன்று மட்டும் சுண்டைக்காய். ஆத்தா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதையா இத்தனை நாள் சுமந்தாய்?" என்றாள்.

வயிற்றைவிட வலது தோள்தான் வலிக்கிறது. அறுவைக்கு இடம் வேண்டி வயிற்றுக்குள் கரியமில வாயு ஏற்றுவார்களாம். மிச்சம் இருப்பது உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரிகிறது. நடந்தால் குறையும் என்றார்கள். வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தை, எட்டுச் சுற்று சுற்றினேன். சாப்பாடு: கஞ்சி, வெண்ணெய் எடுத்த மோர், ஒரு இட்லி.

ஜூன் 15

பித்தப்பையை எடுத்ததால் உடம்பில் பித்தமே இல்லை என்று ஆத்தா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உட்காரவைத்து விளக்கினேன். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், நாளுக்கு அரை லிட்டருக்கு மேல். பை அதைத் தேக்கிச் சுண்டவைத்து, எண்ணெயோ நெய்யோ வந்ததும் மொத்தமாகப் பிழிந்துவிடும். மழைக்கு வளவு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிப்போமே, அப்படி. இப்போது அண்டா போய்விட்டது. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் திடீரென்று பத்துக் குடம் கேட்டால் கிடைக்காது. புரிந்துகொண்டாள். "அப்படியென்றால் செம்பு செம்பாகக் கேள்" என்றாள்.

ஜூன் 24

பீர்க்கங்காய், சுரைக்காய், இளங்குழம்பு. மறுபடியும் சுரைக்காய்.

ஜூலை 6

தேவகோட்டையில் கல்யாணம். காலைப் பலகாரத்துக்கு எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்த் துவையல், அதேபோல் பொரித்த இனிப்பான கந்தரப்பம். நாலு வாரம் ஆகிவிட்டதே என்று மூன்று பணியாரமும் இரண்டு கந்தரப்பமும் தின்றேன். ருசியைப் பற்றி எழுதினால் இன்னொன்று கேட்கும், விடுகிறேன்.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போதே வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. கழிவறை அடுத்த தெருப் பக்கம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. இத்தனை கட்டுகளைப் பெருமையாகக் கட்டிய முப்பாட்டனாரை ஒவ்வொரு நிலைப்படியிலும் நினைத்துக்கொண்டேன். பட்டுப் புடவையோடு ஓடிய என்னைப் பார்த்து ஆத்தா ஒன்றும் கேட்கவில்லை. உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூலை 8

மருத்துவர் தொலைபேசியில் சிரித்தார். கொழுப்பை அடியோடு விடக் கூடாது, ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர அது வேண்டும். ஒரே வேளையில் கொட்டாமல் நாள் முழுவதற்கும் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். ஆத்தா சொன்ன அதே செம்புக் கணக்கு. அவளிடம் சொல்லவில்லை, தலையில் ஏறிவிடும்.

மாலையில் ஒரு வேலை செய்தேன். எண்ணெயை அளந்து ஊற்றி இருபது வெள்ளைப் பணியாரம் சுட்டேன். ஆறியதும் மிச்சத்தை அளந்தால் 160 மில்லி குறைகிறது. ஒன்றுக்கு 8 மில்லி! அன்று மூன்று பணியாரத்தில் மட்டுமே ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி எண்ணெய் உள்ளே போயிருக்கிறது. சுட்டதை இவரும் பிள்ளைகளும் தின்று தீர்த்தார்கள். எனக்குக் குழிப்பணியாரம், குழிக்கு நாலு சொட்டு.

ஜூலை 12

நெடுஞ்சாலையில் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டி, சிவப்பு எண்ணெய் மிதக்கும் கறியை ஊற்றுகிறார்கள். அதைத் தின்றவர்கள்தான், செட்டிநாட்டுச் சாப்பாடு உனக்கு ஆகாது, ஊரை மாற்று என்று எனக்குச் சொல்கிறார்கள். இன்று நான் செய்தது வெண்டைக்காய் மண்டி: அரிசியை இரண்டாம் முறை களைந்த கழுநீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் இரண்டே இரண்டு. வெண்டைக்காயை ஒரு தேக்கரண்டி எண்ணெயில், பிசுபிசுப்பு போகும் வரை பொறுமையாக வதக்கினேன். கொதித்துக் குழம்பு கெட்டிப்படும்போது கழுநீரே மாவு போட்டதுபோல் வழவழப்பைக் கொடுக்கிறது. எண்ணெய்க்கு வேலையே இல்லை. இரண்டு கரண்டி சோறு, பிறகு நாலு மணிக்கு இன்னும் கொஞ்சம். இரவு வயிறு வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. ஆத்தா கும்மாயம் கிண்டினாள். வறுத்த உளுந்தும் பாசிப்பருப்பும் அரைத்த மாவு, கருப்பட்டிப் பாகு, நெய். எனக்கென்று நெய்யைக் குறைக்கச் சொன்னேன். "நெய் இல்லாத கும்மாயம் களி" என்று கரண்டியை நீட்டி மறுத்துவிட்டாள். ஆனால் பரிமாறும்போது எனக்கு மட்டும் எலுமிச்சம்பழ அளவில் ஒரு உருண்டை. ஓரமாகக் கிள்ளிக் கிள்ளிக் கால் மணி நேரம் தின்றேன்.

மணி பத்தரை. வயிறு அமைதி. இன்னொரு உருண்டையைக் கிண்ணத்தில் மூடிவைத்திருக்கிறேன், நாளைக் காலைக்கு.